17.37 மீட்டர் தாண்டியவர் ஒலிம்பிக்ஸில் 16.25-ல் நின்றது எப்படி? புது சீசனில் பிரவீன் சித்ரவேல் முன் இருக்கும் சவால்

பிரவீன் சித்ரவேல். மன்னார்குடி வட்டாரத்தில் இருந்து வந்த ட்ரிபிள் ஜம்ப் வீரர். இவரைப் பற்றிப் பேசும்போது இரண்டு எண்கள் தவறாமல் வந்துவிடும்.

ஒன்று, 17.37 மீட்டர். 2023 மே மாதம் கியூபாவின் ஹவானாவில் அவர் படைத்த தேசிய சாதனை. இன்னொன்று, 16.25 மீட்டர். 2024 ஆகஸ்ட்டில் பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச்சுற்றில் அவர் தாண்டிய தூரம். அங்கு அவருக்குக் கிடைத்தது 27-வது இடம்.

ரெண்டுக்கும் நடுவில் 1 மீட்டர் 12 சென்டிமீட்டர் வித்தியாசம். "பெரிய மேடைன்னு வந்தா நம்ம ஆளுங்க சொதப்பிடுறாங்க" என்று சொல்லிவிட்டு நகர்வது ரொம்ப ஈஸி. ஆனால் விஷயம் அவ்வளவு எளிமையானது இல்லை.

2026 தடகள வீரர்களுக்கு முக்கியமான ஆண்டு. ஜூலை 23 முதல் ஆகஸ்ட் 2 வரை கிளாஸ்கோவில் காமன்வெல்த் போட்டி. செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை ஜப்பானின் ஐச்சி - நகோயாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. இப்படி ஒரு சீசன் தொடங்கும்போது ஒரு வீரரின் மனதில் என்ன ஓடும்? ஒவ்வொரு வருஷமும் முதல் படியில் இருந்து மறுபடி ஆரம்பிப்பது ஏன் கஷ்டம்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த பிரவீன் சித்ரவேல்?

2001-ல் பிறந்தவர். 2018-ல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றபோதுதான் நாடு முழுக்க அவர் பெயர் தெரிந்தது. அந்தப் போட்டியில் இரண்டு கட்டங்களின் தூரத்தையும் கூட்டித்தான் பதக்கம் கொடுத்தார்கள். 15.84, 15.68 என்று தாண்டி மொத்தம் 31.52 மீட்டருடன் மூன்றாம் இடம் பிடித்தார்.

கூலித் தொழிலாளியின் மகன், குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள், விளையாட்டு ஒதுக்கீட்டில் மங்களூரில் கல்லூரியில் சேர்ந்தவர் என்று அப்போது செய்திகள் வெளியாகின.

மன்னார்குடி இப்போது திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தப் பகுதி முழுக்க ஒன்றுபட்ட தஞ்சாவூர் மாவட்டம்தான். இந்த ஊர்ப்பக்கம் விளையாட்டு என்றால் முதலில் நினைவுக்கு வருவது கபடி. பக்கத்தில் இருக்கும் வடுவூர் அதற்குப் பேர்போன ஊர். அந்த மண்ணில் இருந்து ஒருவர் ட்ரிபிள் ஜம்பில் உலக அளவுக்குப் போனது சாதாரண விஷயம் இல்லை.

மூன்று சென்டிமீட்டரில் போன பதக்கம்

பிரவீனின் கடந்த சில வருடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் கதை புரியும்.

- 2022 ஆகஸ்ட், பர்மிங்ஹாம் காமன்வெல்த்: 16.89 மீட்டர், 4-வது இடம். வெண்கலம் வென்றவர் தாண்டியது 16.92. தங்கமும் வெள்ளியும் இந்தியாவின் எல்தோஸ் பால், அப்துல்லா அபூபக்கருக்கு.
- 2023 பிப்ரவரி, அஸ்தானா ஆசிய உள்ளரங்கப் போட்டி: 16.98, வெள்ளி.
- 2023 மே, ஹவானா: 17.37. 2016-ல் ரஞ்சித் மகேஸ்வரி படைத்த 17.30 மீட்டர் சாதனை முறியடிப்பு.
- 2023 ஆகஸ்ட், புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்: 16.38. இறுதிச்சுற்றுக்குப் போகவில்லை.
- 2023 அக்டோபர், ஹாங்சோ ஆசிய விளையாட்டு: 16.68, வெண்கலம்.
- 2024 ஆகஸ்ட், பாரிஸ் ஒலிம்பிக்ஸ்: 16.25, 27-வது இடம்.
- 2025 ஏப்ரல், கொச்சி பெடரேஷன் கோப்பை: மறுபடியும் 17.37. தன் சாதனையை அவரே சமன் செய்தார்.
- 2025 மே, தென்கொரியாவின் குமியில் ஆசிய சாம்பியன்ஷிப்: 16.90, வெள்ளி.
- 2025 செப்டம்பர், டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்: 16.74, 15-வது இடம். 12 பேர் போகும் இறுதிச்சுற்றுக்கு மூன்று இடம் குறைவு.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது இரண்டு.

முதலாவது, பர்மிங்ஹாமில் 16.89 தாண்டியும் பதக்கம் இல்லை. அடுத்த வருஷம் ஹாங்சோவில் அதைவிட 21 சென்டிமீட்டர் குறைவாகத் தாண்டி பதக்கம். அதாவது தூரம் வீரரின் கையில், இடம் அவர் கையில் இல்லை. அன்றைக்கு யார் வருகிறார்கள், எப்படித் தாண்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

இரண்டாவது, அவருடைய பெரிய தாண்டல்கள் இரண்டுமே ஏப்ரல், மே மாதங்களில் வந்தவை. சறுக்கிய போட்டிகள் ஆகஸ்ட், செப்டம்பரில் வந்தவை. சீசன் தொடக்கத்தில் உச்சம், சீசன் முடிவில் ஏமாற்றம். இது ஏன் நடக்கிறது?

ட்ரிபிள் ஜம்ப்பில் எங்கே வழுக்கும்?

முதலில் போட்டியைப் புரிந்துகொள்வோம். வீரர் சுமார் 40 மீட்டர் ஓடி வருவார். 20 சென்டிமீட்டர் அகலம் உள்ள ஒரு பலகையை மிதிப்பார். மிதித்த அதே காலில் ஒரு முறை இறங்குவார். இதுதான் ஹாப். அடுத்து மாற்றுக் காலில் இறங்குவது ஸ்டெப். அங்கிருந்து மணலுக்குள் பாய்வது ஜம்ப். ஆண்கள் பிரிவில் பலகைக்கும் மணலுக்கும் நடுவே பொதுவாக 13 மீட்டர் இடைவெளி இருக்கும்.

பலகையின் முன்விளிம்பைக் கால் தாண்டிவிட்டால் ஃபவுல். அந்தத் தாண்டல் கணக்கிலேயே வராது. விளிம்புக்கு முன்னால் மிதித்தால் ஃபவுல் இல்லை, ஆனால் விட்ட இடம் அத்தனையும் நஷ்டம். ஏனென்றால் தூரத்தை அளப்பது வீரரின் காலில் இருந்து இல்லை, பலகையின் விளிம்பில் இருந்து.

ஒரு சின்ன கணக்கு. ஒரு வீரர் 18 எட்டு வைத்து ஓடி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எட்டும் ஒரே ஒரு சென்டிமீட்டர் கூடினால் என்ன ஆகும்? பலகைக்கு வரும்போது 18 சென்டிமீட்டர் முன்னால் வந்து நிற்பார். கிட்டத்தட்ட பலகையின் முழு அகலம்! பின்னால் இருந்து கொஞ்சம் காற்று தள்ளினாலோ, பதற்றத்தில் வேகம் கூடினாலோ இது தானாக நடந்துவிடும்.

இங்கேதான் மனசு உள்ளே வருகிறது. உலகப் போட்டிகளின் தகுதிச்சுற்றில் மூன்று வாய்ப்புதான். முதல் தாண்டல் ஃபவுல் ஆகிவிட்டால், இரண்டாவதில் "சேஃபா மிதிப்போம்" என்ற எண்ணம் வரும். அங்கேயே பத்து இருபது சென்டிமீட்டர் போச்சு. மூன்றாவது தாண்டலில் எல்லாவற்றையும் ஒரே அடியில் மீட்க வேண்டும். அந்த நேரத்தில் உடம்பு இறுகும், தாளம் கெடும். மூன்று வாய்ப்பு என்பது சில நிமிடங்களில் முடிந்துபோகிற சமாச்சாரம். அதற்காக உழைத்தது முழு வருஷம்.

பிரவீனுக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை இது. பாரிஸில் அப்துல்லா அபூபக்கரும் 16.49 மீட்டருடன் தகுதிச்சுற்றோடு வெளியேறினார்.

சீசன் தொடக்கத்திலேயே ஏன் உச்சத்தைத் தொட வேண்டியிருக்கிறது?

"அப்ப ஏப்ரல்ல மெதுவா ஆரம்பிச்சு ஆகஸ்ட்ல உச்சத்துக்குப் போக வேண்டியதுதானே?" என்ற கேள்வி வரலாம். நியாயமான கேள்விதான். இதுல என்ன சிக்கல்னா, தேர்வு முறை அதற்கு இடம் கொடுப்பதில்லை.

டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்புக்கு நேரடியாகத் தகுதி பெற 17.22 மீட்டர் தாண்ட வேண்டும். அந்தத் தூரத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குள், அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் தாண்ட வேண்டும். கொச்சியில் வந்த 17.37 அந்த வேலையை முடித்துக் கொடுத்தது.

ஆனால் ஹவானாவின் 17.37? பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கான தகுதிக் காலம் 2023 ஜூலை 1-ம் தேதிதான் தொடங்கியது. அவர் தாண்டியது மே 6-ம் தேதி. இரண்டு மாசம் முன்னாடியே வந்துவிட்டதால், தேசிய சாதனையாக இருந்தும் ஒலிம்பிக் தகுதிக்கு அது கணக்கில் சேரவில்லை. கடைசியில் உலகத் தரவரிசை மூலமாகத்தான் அவர் பாரிஸ் போனார்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் உள்நாட்டுப் போட்டி. ஆசிய விளையாட்டில் ஒரு பிரிவுக்கு ஒரு நாட்டில் இருந்து இரண்டு பேர்தான். இந்தியாவில் ட்ரிபிள் ஜம்ப்பில் கூட்டம் அதிகம். காமன்வெல்த் தங்கம் வென்ற எல்தோஸ் பால் இருக்கிறார். அப்துல்லா அபூபக்கர் இருக்கிறார். 2022-ல் உலக ஜூனியர் போட்டியில் வெள்ளி வென்ற மதுரையின் செல்வ பிரபு இருக்கிறார். இவர்களைத் தாண்டித்தான் இடம் பிடிக்க வேண்டும்.

ஆகவே ஒரு இந்திய வீரர் ஒரே வருஷத்தில் இரண்டு முறை உச்சத்தைத் தொட வேண்டியிருக்கிறது. முதல் முறை, அணியில் இடம் பிடிக்க. இரண்டாவது முறை, பதக்கம் பிடிக்க. நடுவில் இருப்பது சில மாதங்கள்தான். முதல் உச்சத்துக்குப் பிறகு உடலைக் கொஞ்சம் இறக்கி, மறுபடி பயிற்சிச் சுமையை ஏற்றி, மறுபடி கூர்மையாக்க வேண்டும். ஓடி வந்து ஒற்றைக் காலில் இறங்கும்போது கணுக்காலும் முழங்காலும் உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமையைத் தாங்குகின்றன. அப்படிப்பட்ட விளையாட்டில் இந்த இரட்டை உச்சம் சாதாரண வேலை இல்லை.

"மனஉறுதி" என்றால் என்ன?

விடாமுயற்சி, தன்னம்பிக்கை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு தடகள வீரரைப் பொறுத்தவரை சீசன் தொடக்கத்தில் அதற்கு மிகவும் நடைமுறையான அர்த்தம் உண்டு.

முதலாவது, பழைய சாதனையை ஓரமாக வைப்பது. போட்டி இல்லாத மாதங்களில் வலுப் பயிற்சி செய்து உடம்பு மாறியிருக்கும். எட்டின் நீளம் மாறியிருக்கும். போன வருஷம் ஓடத் தொடங்கிய குறி இந்த வருஷம் சரியாக வராது. டேப் பிடித்து, குறி வைத்து, குறைந்த தூர ஓட்டத்தில் இருந்து மறுபடி கட்ட வேண்டும். 17.37 தாண்டியவரும் சீசனின் முதல் வாரத்தில் இந்த வேலையைச் செய்துதான் ஆக வேண்டும்.

இரண்டாவது, இலக்கை மாற்றி வைப்பது. "பதக்கம் வாங்கணும்" என்பது முடிவைப் பற்றிய இலக்கு. "கடைசி ஆறு எட்டில் வேகம் குறையக் கூடாது", "ஹாப்பை உயரமாக இல்லாமல் தட்டையாக எடுக்கணும்" என்பதெல்லாம் செயலைப் பற்றிய இலக்கு. முதலாவது மற்றவர்கள் கையிலும் இருக்கிறது. இரண்டாவது முழுக்க வீரர் கையில் இருக்கிறது. பதற்றமான நேரத்தில் மனசுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்றால், செயல் இலக்குதான் உதவும்.

மூன்றாவது, "இப்படி ஆனால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே தீர்மானித்து வைப்பது. முதல் தாண்டல் ஃபவுலா? தொடக்கக் குறியை இவ்வளவு பின்னால் தள்ளுவேன், வேகத்தைக் குறைக்க மாட்டேன். எதிர்க்காற்றா? குறியை முன்னால் கொண்டு வருவேன். இந்த முடிவுகளை ஒலிம்பிக் மைதானத்தில் நின்று யோசிக்கக் கூடாது. அதைப் பழகும் இடம்தான் சீசன் தொடக்கத்தின் சின்னச் சின்னப் போட்டிகள்.

பிரவீன் இதற்காகப் பெரிய மாற்றங்களையும் செய்து பார்த்தவர். கர்நாடகாவின் விஜயநகரில் உள்ள இன்ஸ்பயர் விளையாட்டுப் பயிற்சி மையத்தில் கியூபாவின் யோயாந்திரி பெட்டான்சோஸிடம் பயிற்சி பெற்றார். பெட்டான்சோஸ் உலக சாம்பியன்ஷிப்பில் இரண்டு முறை வெள்ளி வென்றவர். கியூபாவுக்கே போய்ப் பயிற்சி எடுத்தபோது வந்ததுதான் அந்த ஹவானா சாதனை.

டெல்டாவின் இன்னும் இரண்டு பேர்

சீசன் தொடக்கத்தில் விழுந்து எழுவது என்றால் என்ன என்பதற்கு, இதே காவிரிக் கரையில் இருந்து இன்னொரு உதாரணமும் இருக்கிறது.

திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்த ராஜேஷ் ரமேஷ், 400 மீட்டர் ஓட்ட வீரர். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராகத் திருச்சியில் வேலை பார்த்தவர். 2023 புடாபெஸ்ட்டில் 4x400 தொடர் ஓட்டத்தில் இந்திய அணி 2 நிமிடம் 59.05 விநாடியில் ஓடி ஆசிய சாதனை படைத்தபோது அணியில் இருந்த நால்வரில் ஒருவர். ஹாங்சோவில் தங்கமும் வென்றார்.

2024 மே மாதம், பஹாமாஸில் உலகத் தொடர் ஓட்டப் போட்டி. பாரிஸ் தகுதிக்கான முக்கியமான களம். முதல் நாள் ஓட்டத்தில் தன் சுற்றின் நடுவிலேயே தசைப்பிடிப்பால் ராஜேஷ் நின்றுவிட்டார். இந்திய அணியால் ஓட்டத்தை முடிக்கவே முடியவில்லை.

மறுநாள் இன்னொரு வாய்ப்பு இருந்தது. ராஜேஷுக்குப் பதிலாக இறங்கியவர் ஆரோக்கிய ராஜீவ். லால்குடி பக்கத்துக்காரர், ராணுவ வீரர். 2014 இன்சியான் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் வெண்கலம் வென்றவர். அப்போது அவருக்கு 33 வயது ஆக சில வாரங்கள்தான் இருந்தன. இந்திய அணி 3 நிமிடம் 3.23 விநாடியில் இரண்டாவதாக வந்து பாரிஸுக்குத் தகுதி பெற்றது.

மூன்று மாதம் கழித்து பாரிஸில் இந்திய அணிக்காக ஓடிய நால்வரில் ராஜேஷும் இருந்தார். இறுதிச்சுற்று கிடைக்கவில்லை. ஆனால் மே மாதம் பாதியில் நின்றவர் ஆகஸ்டில் ஒலிம்பிக் தடத்தில் ஓடினார்.

தினமும் முதல் நால்வரில் இடம் கிடைக்காவிட்டாலும் தயாராக இருந்த ராஜீவ் ஒரு வகை. எல்லோரும் பார்க்க நின்றுபோன பிறகும் மறுபடி கோட்டுக்கு வந்த ராஜேஷ் இன்னொரு வகை. விடாமுயற்சிக்கு இந்த இரண்டு முகமும் உண்டு.

மேட்டூர் திறப்பும் முதல் போட்டியும்

டெல்டா விவசாயிகளுக்கு இந்தக் கதை புதுசு இல்லை. வழக்கமாக ஜூன் 12-ம் தேதி மேட்டூர் அணை திறந்தால் குறுவை சீசன் தொடங்கும். 2023-ல் சரியாக ஜூன் 12-ல் திறந்தார்கள். ஆரம்பம் அமோகம். ஆனால் காவிரியில் போதிய தண்ணீர் வராமல் கடைமடைப் பகுதிகளில் குறுவைப் பயிர் கருகியது. 2024-ல் அணையில் தண்ணீர் இல்லாததால் ஜூலை 28-ல்தான் திறக்க முடிந்தது. 2025-ல் மறுபடி ஜூன் 12.

ஆத்துல தண்ணி வந்த அன்னைக்கு யாரும் நெல் மூட்டையை எண்ணுவதில்லை. தண்ணி தாமதமாகிவிட்டது என்று நிலத்தை விட்டுவிட்டும் போவதில்லை. குறுவை போனால் சம்பாவுக்கு நாற்று விடுவார்கள். நல்ல தொடக்கம் என்பது நல்ல விளைச்சலுக்கு உத்தரவாதம் இல்லை. மோசமான தொடக்கம் என்பது வருஷமே போச்சு என்பதும் இல்லை.

ஒரு வீரரின் சீசனும் அப்படித்தான். பிரவீன் தன் பெரிய தூரத்தைத் தாண்டிய 2023-ல்தான் புடாபெஸ்ட்டில் அதைவிடக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் குறைவாகத் தாண்டினார். அதே வருஷம், புடாபெஸ்ட் முடிந்து சுமார் ஒன்றரை மாதத்தில், ஆசிய விளையாட்டில் பதக்கமும் வாங்கினார். பாரிஸ் முடிந்து எட்டு மாதத்தில் மறுபடி 17.37-க்கு வந்தார். டோக்கியோவில் 15-வது இடம் என்பது ஏமாற்றம்தான். ஆனால் பாரிஸின் 27-ல் இருந்து பார்த்தால் அது இறக்கம் இல்லை.

ரசிகர்கள் இந்த சீசனில் எதைப் பார்க்கலாம்?

தூரத்தை மட்டும் பார்ப்பதற்குப் பதிலாக இந்த மூன்றையும் கவனித்தால், ஒரு வீரர் எங்கே போகிறார் என்பது முன்கூட்டியே தெரியும்.

1. முதல் தாண்டல்: அது செல்லுபடியான தாண்டலா, ஃபவுலா? மூன்று வாய்ப்பு மட்டும் உள்ள தகுதிச்சுற்றுகளுக்கு இதுதான் அடித்தளம்.

2. சராசரி: ஒரு போட்டியில் வந்த பெரிய எண்ணைவிட, தொடர்ந்து 16.80-க்கு மேல் எத்தனை தாண்டல் வருகிறது என்பது முக்கியம். குமியில் தங்கம் வென்ற சீனாவின் ஜு யாமிங் தாண்டியது 17.06. பிரவீனுக்கு அது எட்டாத தூரம் இல்லை. வித்தியாசம் 16 சென்டிமீட்டர்தான்.

3. தேதி: உச்சம் ஏப்ரலில் வருகிறதா, ஜூலைக்குப் பிறகு வருகிறதா? நகோயாவில் பதக்கம் வேண்டும் என்றால் செப்டம்பர் கடைசியில் கால் துள்ள வேண்டும்.

சீசனின் முதல் போட்டியில் ஒரு வீரர் 16.40 தாண்டினால் "ஃபார்ம் போச்சு" என்று முடிவு கட்ட வேண்டாம். 17.30 தாண்டினால் "பதக்கம் உறுதி" என்று கொண்டாடவும் வேண்டாம். இரண்டுமே அந்த ஒரு நாளின் கணக்கு. அடுத்த வாரம் அவர் மறுபடி டேப் பிடித்து, குறி வைத்து, ஓட்டத்தின் முதல் எட்டில் இருந்துதான் தொடங்கப் போகிறார்.